தொண்ணூறுக்கு அடுத்தது ஒன்பது

உப்போடையில் ஆட்கள் பெயர் வரிசைப்படி சாகத் தொடங்கியது ஒரு பங்குனியில், அளங்களில் உப்பு பூத்துப் பாத்தியெல்லாம் கண் கூசும்படி வெளுத்துக் கிடந்த நாட்களில். அதற்கு முன்னால் எங்கள் ஊரிலும் மற்ற ஊர்களைப் போலவே யார் எப்போது போவார் என்று தெரியாமல்தான் எல்லோரும் மீன் வாங்கினோம், சண்டை போட்டோம், பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டோம்.

ஊராட்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த எப்சிபா வேறொன்றும் செய்துவிடவில்லை. குடிதண்ணீர்க் குழாய் போடுவதற்காக ஊரில் இருக்கிற எல்லோருடைய பெயரையும் வயதையும், ஆளுக்கு ஒரு வரியாக, அவள் தெருத் தெருவாகக் கேட்டு அடித்து வைத்திருந்தாள். அகர வரிசையில் அனுப்பச் சொல்லி மேலே இருந்து போன் வந்தது. அவள் படமோ பொத்தானோ இல்லாத அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து, ‘சார்ட்’, அதாவது வரிசைப்படுத்து, என்ற ஒரு சொல்லையும் கோப்பின் பெயரையும் அடித்து, விசையைத் தட்டினாள். வரிகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு மேலும் கீழும் போய், குளத்தில் கல் விழுந்த பிறகு தண்ணீர் அமைதியாவது போல அமைந்தன. அன்று சாயங்காலம், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டக் குனிந்த அகஸ்டின் நிமிரவில்லை. அவனுக்கு வயது முப்பத்திரண்டு. உடம்பில் ஒரு நோயும் கிடையாது. இரண்டு வாரம் கழித்து அந்தோணியம்மாள், கொடியில் துணி போட்டபடியே போனாள். பட்டியலின் அந்தக் கோடியில், உப்பு லாரி ஏறி இடுப்பு நசுங்கி, இன்று ராத்திரி தாண்டாது என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிய வேதமணி சாகவில்லை. ஆடி வந்தது, புரட்டாசி வந்தது, அவன் பாயில் கிடந்து தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தான்.

சாவு அதிகமாகிவிடவில்லை. எங்கள் ஊருக்கு மாதம் ஒன்றோ இரண்டோ என்று எப்போதும் வந்த கணக்கில்தான் வந்தது. ஆளை மட்டும் கோப்பைப் பார்த்து எடுத்தது.

எப்சிபாவிடம் யாரும் கோபப்படவில்லை. பாவம், அவள் வேலையைத்தானே பார்த்தாள் என்றார்கள். கொஞ்ச நாளில் ஊர் அதற்குத் தக்கபடி உட்காரக் கற்றுக்கொண்டது. அலுவலகச் சுவரில் பட்டியலை ஒட்டினார்கள். பால் வாங்கப் போகிறவர்கள் போகிற போக்கில் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த பெயருக்குரியவர் கடைக்கு வந்தால் முதலில் அவருக்குக் கொடுத்து அனுப்பினார்கள். மீன்காரி அவருக்கு மட்டும் தலைப்பக்கமாகப் பார்த்து வெட்டினாள். பேண்ட்காரர்கள் முன்கூட்டியே வீட்டுக்கு வந்து, என்ன பாட்டு வாசிக்க வேண்டும் என்று ஆளிடமே கேட்டுக்கொண்டார்கள். ‘அ’வில் பெயர் உள்ள பெண்ணுக்கு மாப்பிள்ளை வரவில்லை. ‘வ’வில் பெயர் உள்ள இளவட்டங்கள் கண்மண் தெரியாமல் பைக் ஓட்டி, தண்ணீர்த் தொட்டி மேலிருந்து குதித்து, கை கால் முறிந்து வரிசையாகக் கட்டிலில் கிடந்தார்கள், சாவு வராது என்பது சரிதான், வலி வராது என்று யாரும் சொல்லவில்லையே. கைக்குழந்தைகளுக்குப் பெயர் வைக்கப் பயந்து, இன்னார் மகன் இன்னார் மகள் என்றே விட்டுவைத்தார்கள்.

கோப்பில் கை வைத்துப் பார்க்காமலும் இல்லை. ஒருவர் தன் பெயருக்கு முன்னால் வேறு எழுத்தைச் சேர்க்கச் சொன்னார். மூடித் திறந்தால் பழைய பெயரே இருந்தது. அருமைநாயகம் என்கிற மளிகைக்கடைக்காரர் தன் வரியையே அழிக்கச் சொன்னார். எப்சிபா மாட்டேன் என்றாள், அவர் காலில் விழுந்தார், அழித்தாள். மறுநாள் அவர் மனைவி சோறு வடித்துவிட்டுத் தனக்கு மட்டும் ஒரு தட்டு வைத்துச் சாப்பிட்டாள். கடையைத் திறந்து வைத்துக்கொண்டு யாரோ நிற்பது போலத்தான் இருக்கும், தராசு ஆடும், எதிரே போய் நின்றால் யாரும் இல்லை. அவர் சாகவில்லை, இருக்கவுமில்லை. அதற்குப் பிறகு, ஊர் கூடிச் சொல்லாமல் அந்தக் கம்ப்யூட்டரை யாரும் தொடக்கூடாது என்று தீர்மானம் போட்டு, அலுவலகத்தில் ஒரு காவல்காரரையும் உட்கார வைத்தார்கள்.

ஞானப்பூவின் மகள் பெயர் அபிஷா. அளத்தில் உப்பு வாரப் போகிற ஞானப்பூவுக்குக் கல்யாணம் ஆகிப் பல வருசம் வயிறு திறக்காமல் இருந்து, இனி இல்லை என்று எல்லோரும் பேச்சை நிறுத்திய பிறகு பிறந்த பிள்ளை. அப்போது அதற்கு ஒன்பது வயது முடிந்திருந்தது. சுவரில் ஒட்டிய தாளில் அபிஷாவுக்கு மேலே இருந்த பெயர்கள் ஒவ்வொன்றாக அடிபட, ஞானப்பூ பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதை நிறுத்தினாள், அளத்துக்குப் போவதை நிறுத்தினாள், பிள்ளை தூங்கும்போது மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள்தான் சர்ச் முற்றத்தில் ஊர் கூடியிருந்தபோது முதலில் எழுந்து கேட்டது. “பேரப் பாத்து எடுக்கது எந்த நியாயத்துல சேத்தி? வயசப் பாத்து எடுக்கட்டும். மூத்தவங்க முன்னால, பிள்ளைக பின்னால. அதுதான எல்லாரும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுதது.”

யாரும் மறுத்துப் பேசவில்லை. தொண்ணூறு தாண்டியவர்களே கையைத் தூக்கினார்கள். அதில் ஒரு கிழவர், “எனக்குக் கையத் தூக்கவே ஒரு ஆளு வேணும், வந்து தூக்கி விடுங்களேன்” என்றபோது எல்லோரும் சிரித்தோம். வெகு நாளுக்குப் பிறகு ஊரில் கேட்ட சிரிப்பு அது.

எப்சிபா ஒவ்வொரு வரியிலும் வயதை முன்னால் கொண்டுவந்து, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கு என்று கறுப்புத் திரையில் அடித்தாள். தாளின் முதல் பக்கத்தைப் பார்த்தோம். தொண்ணூற்றேழு, தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்று மூன்று. அதற்கு மேல் யாரும் பார்க்கவில்லை. மூத்தவர்கள் ஒவ்வொருவராக, நல்ல வேட்டி கட்டி, பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்து, குறை சொல்லாமல் போனார்கள். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஊர் நினைத்தது. ஞானப்பூ திரும்பவும் அளத்துக்குப் போனாள். அபிஷா பள்ளிக்கூடம் போனாள். கடைசியாகத் தொண்ணூறு வயது மரியநேசம் போய்ச் சேர்ந்தாள்.

அடுத்துப் போனது ஷைனி. ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் சத்துணவுத் தட்டை மடியில் வைத்தபடி, தூணில் சாய்ந்து, தூங்குவது போல.

எப்சிபா தாளைப் புரட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அலுவலகத்திலிருந்து ஞானப்பூவின் வீடு வரைக்கும் செருப்பில்லாமல் நடந்து வந்தாள்.

“அக்கா, அது எண்ண எண்ணாப் பாக்கலக்கா. எழுத்தாப் பாத்திருக்கு.”

“எனக்கு வெளங்குத மாதிரி சொல்லு, ஏட்டி.”

“எம்பத்தொம்பதுல மொத எழுத்து எட்டு. ஒம்பதுல மொத எழுத்து ஒம்பது. எட்ட விட ஒம்பது பெருசு, அம்புட்டுதான் அதுக்குத் தெரியும். தொண்ணூறு முடிஞ்ச ஒடனே ஒம்பது வயசுப் பிள்ளைகள வச்சிருக்கு. அதுக்கப்புறந்தான் எம்பத்தொம்பது. எம்பது முடிஞ்சா எட்டு வயசு. நான் படிச்ச ஆறு மாசத்துல இத ஒருத்தரும் சொல்லித் தரல.”

“சரி பண்ண வழி இருக்கா இல்லையா?”

“இருக்கு. ஒரு சின்னக் குறி சேத்தாப் போதும். இப்பத்தான் புஸ்தகத்துல தேடிப் பாத்துட்டு வாறேன்.”

“அப்பப் போயி அடி.”

“ஊரு கூடணுமேக்கா.”

ஊர் கூடியது. எப்சிபா எல்லோருக்கும் விளங்கும்படி ஒரு முறை சொன்னாள், பிறகு பலகையில் எழுதிக் காட்டி இன்னொரு முறை சொன்னாள். ஐம்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் விரலை மடக்குவது தெரிந்தது: எனக்கு முன்னால் ஒன்பது, எட்டு, ஏழு, ஆறு என்று ஊரின் பாதிப் பள்ளிக்கூடமே நிற்கிறது. நாற்பதுக்காரருக்கு ஐந்தும் சேர்த்தி. முப்பதுக்காரிக்கு நான்கும் சேர்த்தி. பிள்ளையில்லாதவர்கள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்கள், பத்து வயது தாண்டிய பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு நின்றவர்கள், எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒரு வாத்தியார் எழுந்து, அவசரப்பட்டு மாற்றியதால்தான் இது வந்தது, மறுபடி மாற்றினால் இன்னும் என்ன வருமோ, நிதானமாக யோசிக்க வேண்டும் என்று நல்ல தமிழில் பேசினார். ஊராட்சித் தலைவர் கை தூக்கச் சொன்னார். சின்னப் பிள்ளை வைத்திருந்தவர்கள் தூக்கினார்கள். அதிலும் சிலர் பாதி வரை தூக்கி, பக்கத்தில் பார்த்து, இறக்கிவிட்டார்கள்.

“அடுத்த கூட்டத்துல பேசுவோம்” என்றார் தலைவர்.

தலைவருடைய அப்பா பொன்னையா முதலாளிக்கு எண்பத்தொன்பது. ஊரில் அந்த வயதில் அவர் ஒருவர்தான். ஊரில் பாதி அளம் அவருடையது. ஞானப்பூ மறுநாளே அவர் வீட்டுக்குப் போனாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஈறால் மென்று இட்டிலி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஐயா, நீங்க ஒரு சொல்லு சொன்னா தலைவர் கேப்பாவ.”

“என்னன்னு சொல்லணும்?”

“பிள்ளைகளுக்கு முன்னால நான் போறேன்னு சொல்லணும்.”

முதலாளி இட்டிலியை விழுங்கிவிட்டு அவளைப் பார்த்தார். “காப்பி குடிக்கியளான்னு கேக்க மாதிரி கேக்கியே தாயி.”

“ஒங்களுக்குப் பேரன் பேத்தியெல்லாம் எடுத்தாச்சு. எம்பிள்ளை இன்னும் வாய்ப்பாடே முடிக்கல.”

“தெரியும். தெரியாம இல்ல.” அவர் துண்டால் வாயைத் துடைத்தார். “வயசானா பயம் போயிரும்னு சொல்லுதாங்க பாரு, அதச் சொன்னவன் சின்னப் பயலாத்தான் இருக்கணும். நேத்து வாளமீன் கொழம்பு வச்சாவ, நல்லா இருந்துச்சு. இன்னைக்கும் அதத்தான் வைக்கச் சொல்லியிருக்கேன். நாளைக்கும் அது வேணும்னு இருக்கு. நான் ஒம்பிள்ளையப் புடிச்சு முன்னால நிறுத்தல. அதுவா வந்து நிக்கி. நான் என்ன செய்ய?”

“வழிய விட்டா அது பின்னால வந்துருமே ஐயா.”

“விட முடியலையே தாயி” என்றார் முதலாளி. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. “ஒரு காப்பி குடிச்சிட்டுப் போ.”

அவள் குடிக்காமல் வந்தாள்.

அடுத்த கூட்டத்தில் குழாய்ப் பிரச்சினை பேசினார்கள். அதற்கடுத்த கூட்டத்துக்குத் தலைவர் வரவில்லை. மெர்லின் போனாள், ரிப்பனை வாயில் கடித்துக்கொண்டு சடை போடும்போதே. ஒன்பது வயது வரிகளில் அகர வரிசையும் பின்னாலிருந்துதான் வந்தது. ஷைனி, மெர்லின், அடுத்து ஆல்வின், கடைசியில் அபிஷா. கோப்பில் வயது பிறந்தநாளன்று தானாகவே ஏறும், புதிதாகப் பிறந்த பிள்ளைக்கும் தானாகவே ஒரு வரி சேரும். அபிஷாவுக்குப் பத்து பிறக்கக் கார்த்திகை வர வேண்டும். அது பிறந்துவிட்டால், கோப்பு அதுவாகவே, ஒன்றில் தொடங்கும் எண் என்று அவளைத் தாளின் அடிக்குத் தள்ளிவிடும். ஞானப்பூ அதை நம்பிக்கொண்டிருந்தாள். மெர்லின் அடக்கத்துக்கும் போய், எல்லோருடனும் நின்று, ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்து, காலண்டரைப் பார்த்தாள். ஆல்வின் நன்றாக இருக்கட்டும் என்று ஜெபம் பண்ணினாள். அதில் பொய் இல்லை.

ஆல்வின், ரோஸ்லினுடைய மூத்த பிள்ளை. ஞானப்பூவும் ரோஸ்லினும் ஒரே அளத்தில், எதிரெதிர்ப் பாத்தியில் உப்பு வாருகிறவர்கள். ரோஸ்லினுக்கு அப்போது இரண்டாவது பிள்ளை பிறந்து ஒரு மாதம். அதற்கும் இன்னும் பெயர் வைக்கவில்லை. ஐப்பசி முதல் மழையில் அளமெல்லாம் கரைந்து சேறான ஒரு செவ்வாய்க்கிழமை, ஆல்வின் வாசலில் தேங்கிய தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்து, அதன் பக்கத்திலேயே சாய்ந்தான்.

புதன்கிழமை மதியம் அடக்கம். எங்கள் ஊரில் பிள்ளை அடக்கம் என்றால் வீட்டில் ஒருவரும் தங்க மாட்டார்கள், ஆண் பெண் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். அலுவலகத்துக் காவல்காரரும் சட்டையை மாற்றிக்கொண்டு போனார். பொன்னையா முதலாளியைக்கூட நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். ஞானப்பூ பெட்டிக்குப் பின்னால் தெருமுனை வரை நடந்தாள். அபிஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. அந்தக் கை சுடச்சுட இருந்தது, பிள்ளைகளின் கை எப்போதும் இருப்பது போல. தெருமுனையில் ஞானப்பூ நின்றாள். அபிஷாவைப் பக்கத்து வீட்டுக்காரியின் கையில் கொடுத்தாள். எப்சிபாவைக் கூட்டத்திலிருந்து முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பினாள்.

“வேலை போயிரும்க்கா” என்றாள் எப்சிபா, அலுவலகக் கதவைத் திறந்துகொண்டே.

“போகட்டும்.”

“என்னைய ஊர விட்டே வெரட்டிருவாங்க.”

“சரி, போ. இத அடிச்சிட்டுப் போ.”

கறுப்புத் திரை வந்தது. எப்சிபா அடித்தாள், விரல் வழுக்கியது, அழித்தாள், மறுபடி அடித்தாள். சர்ச் மணி விட்டு விட்டுக் கேட்டது. விசையைத் தட்டியதும் வரிகள் மேலும் கீழும் ஓடி அமைந்தன. ஞானப்பூ ஆறாம் வகுப்போடு நின்றவள். இருந்தாலும் எண் தெரியும், பெயர் படிக்கத் தெரியும். மேலே முதல் வரியைப் படித்தாள். சுழியம், ரோஸ்லின் மகன் என்றிருந்தது. அதற்குக் கீழே எல்லாம் கைக்குழந்தைகள். அதற்குக் கீழே ஒன்று, இரண்டு, மூன்று.

“என்னட்டி இது.”

“எண்ணாப் பாக்கச் சொன்னேன்க்கா. பெருசுல இருந்து வான்னு சொல்ல விட்டுப்போச்சு. பதட்டத்துல...”

கல்லறைத் தோட்டத்தில் அந்த நேரம் போதகர் வேதம் வாசித்துக்கொண்டிருந்தார். ரோஸ்லின் குழிக்குப் பக்கத்தில், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். குழந்தை அழுகையை நிறுத்தியது. தலை சாய்ந்தது. மழையில் நனைகிறதோ என்று பக்கத்திலிருந்த பெண் முந்தானையை அதன் மேல் போட்டாள்; உதடு வெளிறியிருந்ததைப் பார்த்தாள்; இந்த நேரத்தில் எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

“திருப்பு. ஏட்டி, திருப்பு.”

எப்சிபா திருப்பினாள். வரிகள் மறுபடி ஓடின. எண்பத்தொன்பது மேலே வந்து நின்றது, அதற்குக் கீழே எண்பத்தேழு, எண்பத்தாறு. எழுபதுகள், அறுபதுகள், ஐம்பதுகள். நாற்பத்தாறில் ஞானப்பூ தன் பெயரைப் பார்த்தாள். வெகு கீழே, ஊரில் வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் கீழே, ஒன்பதில் அபிஷா. கல்லறைத் தோட்டத்தில் குழந்தை இருமி, வாயைத் திறந்து, வீறிட்டது. பிள்ளை பசியில் அழுகிறது என்று சொல்லி, ரோஸ்லினை மரத்தடியில் உட்கார வைத்தார்கள்.

ஆல்வின் குழியில் மண் விழுந்தபோது, நாற்காலியில் இருந்த பொன்னையா முதலாளியின் தாடை தொங்கியது. போன நாற்காலியிலேயே அவரைத் திரும்பத் தூக்கி வந்தார்கள். அவர் மடியில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. வரிசை மாறிவிட்டது என்று வேறு யாரும் வந்து ஊருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எப்சிபாவை விரட்டினார்கள். கம்ப்யூட்டரைச் சாக்கில் கட்டி அலுவலக அறையோடு பூட்டினார்கள். ஞானப்பூவை யாரும் ஒன்றும் செய்யவில்லை. கை தூக்காதவர்களுக்கு அவள் முகத்தைப் பார்த்துப் பேச வாய் இல்லை. வேதமணி இன்னும் பாயில்தான் கிடக்கிறான், அவனுக்கு முப்பதுதானே ஆகிறது. பெரியவர்கள் முன்னால், சின்னவர்கள் பின்னால் என்று சாவு ஒழுங்காக வந்தது. பிள்ளைகளுக்குத் தைரியமாகப் பெயர் வைத்தார்கள்.

மழை நின்று, அளத்தில் வரப்பு கட்டத் தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம் ரோஸ்லின் குழந்தையோடு ஞானப்பூவின் வீட்டுக்கு வந்தாள். ஞானப்பூ பாய் எடுத்துப் போட்டாள். உள்ளே அபிஷா ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ரோஸ்லின் அதைக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

“அன்னைக்கு எப்பப் போனிய மைனி?”

“பெட்டி தெருமுனை தாண்டும்போது.”

“போயி அடிக்க எவ்வளவு நேரம் ஆச்சு?”

“செத்த நேரந்தான்.”

“மெர்லின் அடக்கத்தன்னைக்கும் ஆபீஸ்ல யாரும் இல்லல்ல?”

குழந்தை தோளில் முட்டியது. ரோஸ்லின் அதை மறுதோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

“அன்னைக்கே போயிருக்கலாம்ல மைனி?”

ரோஸ்லின் சத்தம் போடவில்லை, ஏசவில்லை. விளக்கு வைக்கிற நேரம் வரை அப்படியே இருந்துவிட்டு எழுந்து போனாள். மறுநாள் அளத்து வேலை முடிந்ததும் வந்து அதே பாயில் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். இப்போதும் வருகிறாள், கேட்பதில்லை, உட்கார்ந்திருக்கிறாள். ஞானப்பூ அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுக்கிறாள், குழந்தையை வாங்கி வைத்துக்கொள்கிறாள், வாயைத் திறக்கப் பார்க்கிறாள், மூடிக்கொள்கிறாள். ஒருத்திக்கு நாற்பத்தாறு, ஒருத்திக்கு முப்பத்தைந்து. இனி வரிசை மாறாது. அந்தக் கேள்விக்குப் பதில் வர எவ்வளவு நாள் காத்திருந்தாலும் முதலில் போகப் போவது ஞானப்பூதான் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.